பதினைந்து நிமிடமும் ஒரு பெயரும்: கல்லூரி வானொலியில் உள்ளூர்க் கலைஞர்கள்

தமிழ்நாட்டில் பறையோ பம்பையோ ஒலிக்காத திருவிழா அரிது. ஆனால் அதை வாசித்தவர் யார் என்று மறுநாள் கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரு சாதியின் பெயரைச் சொல்வார்கள். ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கச்சேரி மேடைக்குப் பெயர் உண்டு, பாணி உண்டு, குருபரம்பரை உண்டு. தெருவில் வாசிப்பவருக்கு அழைப்பு மட்டும்தான் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை ஒரே நாளில் மாற்றும் ஆற்றல் கல்லூரி வானொலிக்கு இல்லை. எனினும் ஒரு கலைஞரின் முழுப்பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும், அவரே தம் குரலில் சொல்லும் விளக்கத்தையும் பதினைந்து நிமிடம் காற்றில் ஏற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. அதைச் செய்வது எப்படி, செய்யும்போது சாதி எந்தெந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த வாழவந்தியைப் போன்ற ஓர் ஊருக்குச் செல்லும் மாணவர் குழுவை மனத்தில் கொண்டே எழுதுகிறோம்.

அலைவரிசை யாருடையது?

இந்தியாவில் வானொலி நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது என்ற கருத்து அத்தீர்ப்பால்தான் சட்ட வலுப் பெற்றது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி உரிமம் வழங்க ஒன்றிய அரசு முடிவு செய்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி ஆயிற்று. 2006 நவம்பரில் வெளியான புதிய வழிகாட்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தன.

அந்தக் கதவின் வழியே வந்தவற்றுள் நம் வாசகர்கள் தவறாமல் அறிந்திருக்க வேண்டியது சங்கம் வானொலி. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், ஜஹீராபாத் அருகே, தக்காண வளர்ச்சிக் கழகத்தின் மகளிர் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள் அதை நடத்துகிறார்கள். உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஒலிநாடாக்களில் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய் ஒலிக்கச் செய்தார்கள். 2008 அக்டோபர் 15, ஊரக மகளிர் நாளன்று ஒலிபரப்பு தொடங்கியது. தொடங்கி வைத்தவர், 1995 தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவரான நீதிபதி பி.பி. சாவந்த். தீர்ப்பின் சொற்கள் வயற்காட்டுப் பெண்களின் கைகளில் ஒலிவாங்கியாக மாற 13 ஆண்டுகள் பிடித்தன.

சங்கம் வானொலியிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எளியது. அங்கே பாடுபவரும், பதிவு செய்பவரும், கேட்பவரும் ஒரே சமூகத்தினர். கல்லூரி வானொலியில் நிலைமை வேறு. பதிவு செய்பவர் மாணவர். பாடுபவர் விவசாயக் கூலி அல்லது தோட்டத் தொழிலாளி. மாணவர் முதல் தலைமுறைப் பட்டதாரியாகவும் தலித்தாகவும் இருந்தாலும்கூட, கையில் கருவியும் கல்லூரியின் பெயரும் இருக்கும்வரை அவர் ஒரு படி மேலே நின்றே பேசுகிறார். அந்தப் படியை உணர்ந்து செய்யும் நிகழ்ச்சிக்கும் உணராமல் செய்யும் நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு நேயருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

விதிகளைப் பற்றியும் ஒரு சொல். சமூக வானொலி தன் சொந்தச் செய்தியறிக்கையை ஒலிபரப்ப இயலாது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உள்ளூரிலேயே உருவானதாக இருக்க வேண்டும். இயன்றவரை உள்ளூர் மொழியில், வட்டார வழக்கில் இருக்க வேண்டும். முதல் விதி நம் வாயைக் கட்டுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு கலைஞரின் வாழ்வைச் சொல்வதை அது தடுக்கவில்லை. இரண்டாவது விதியோ அத்தகைய நிகழ்ச்சிகளைச் செய்யுமாறு நம்மைக் கேட்கிறது.

தரம் பிரித்த வரலாறு

வானொலிக்கும் கலைஞருக்கும் இடையே தேர்வாளர் ஒருவர் எப்போதும் அமர்ந்திருந்தார். 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்புத் துறையைக் கவனித்த பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் ஒலித்தேர்வு முறை இறுக்கம் பெற்றது. கலைஞர்கள் ‘பி’, ‘உயர் பி’, ‘ஏ’, ‘உயர் ஏ’ என்று தரம் பிரிக்கப்பட்டார்கள். செவ்வியல் இசை மையத்தில் அமர்ந்தது. மற்றவை ‘கிராமிய இசை’ என்ற தனி அறைக்குச் சென்றன. 1940இல் ஹார்மோனியத்துக்கு விதிக்கப்பட்ட தடை 1971 வரை நீடித்தது. நம் கூத்து மேடைகளில் பின்பாட்டுக்குத் துணையாக நிற்கும் அதே கருவிதான் அது.

இந்த வரலாற்றை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கல்லூரி வானொலிக் குழு ஒன்று ‘நல்ல’ கலைஞரைத் தேடிப் புறப்படும்போது, அந்தத் தேர்வாளர் நம் தலைக்குள் குடியேறிவிடுகிறார். சுருதி சேர்ந்த குரல், மேடையில் பழகிய பேச்சு, விருதுச் சான்றிதழ் ஆகியவற்றையே தேடுகிறோம். சாவு வீட்டில் விடிய விடிய ஒப்பாரி பாடும் மூதாட்டி நம் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தேர்வு முறையை மாற்றாமல் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் ‘மக்கள் இசை’ என்று மாற்றுவதில் பயனில்லை.

சேலம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மேட்டூர் வட்டத்தின் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் ‘மணல்வீடு’ இதழும் களரி அமைப்பும் கூத்து, தோற்பாவை, கட்டபொம்மலாட்டக் கலைஞர்களை அவரவர் பெயரோடும் ஊரோடும் முன்வைத்து வருகின்றன. பெயர்களால் ஒரு வட்டாரத்தின் கலை வரலாற்றை எழுத முடியும் என்பதற்கு அது சான்று.

மலையில் யார் யார்?

சேர்வராயன் மலையை வெளியூர்க்காரர்கள் குளிர், காப்பி, படகுக் குழாம் என்றே அறிவார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு தொகுதிகளில் ஒன்று, மற்றது சேந்தமங்கலம். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தவரோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. ‘மலையை ஆள்பவர்’ என்ற பொருளில் அப்பெயரை விளக்குவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று உடன்பிறந்தார் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்ற மரபுக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் காணலாம். அக்கதை வேளாள மரபு ஒன்றையும் உரிமை கோருகிறது. பழங்குடிக் கதைக்குள்ளும் சமவெளிச் சாதி வரிசையின் நிழல் விழுந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகியபின் மலையின் மக்கள் வரைபடம் மாறியது. தோட்டக்காரர், பழங்குடி உழவர், கூலித் தொழிலாளர் என்ற அடுக்குகள் உருவாயின. ஆகவே ‘மலைக்கலைகள்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. பழங்குடியினரின் சடங்குப் பாடல், தோட்டத் தொழிலாளரின் வேலைப் பாடல், கீழிருந்து வரவழைக்கப்படும் மேளக் குழுவின் வாசிப்பு, தேவாலயப் பாடகர் குழு, கைப்பேசியில் ராப் பாடல் பதிவு செய்யும் இளைஞர் என ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறவிலிருந்து பிறக்கிறது.

எனவே வாழவந்திக்குச் செல்லும் குழு முதலில் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்காமல் ஒரு வரைபடம் தயாரிக்க வேண்டும். எந்தத் திருவிழாவில் யார் வாசிக்கிறார்கள்? அவர்கள் இதே ஊரினரா, வெளியூரினரா? பணமாகத் தருகிறார்களா, தானியமாகவா? கோயிலுக்குள் நின்று வாசிக்கிறார்களா, வெளியிலா? பந்தியில் எங்கே அமர்கிறார்கள்? வாசிக்க மறுத்தவர் உண்டா, மறுத்தபின் என்ன நடந்தது? இசையைப் பற்றிய கேள்விகளாக இவை தோன்றாமல் போகலாம். ஆனால் இவற்றுக்கு விடை தெரியாமல் எழுதப்படும் இசை நிகழ்ச்சி சுற்றுலாத் துறையின் விளம்பரமாகவே முடியும்.

பருவமும் முக்கியம். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவும், அரசின் கோடை விழாவும் நடக்கும். மேடையும் ஒலிபெருக்கியும் அப்போது ஏராளம். கலைஞரோடு அமர்ந்து பேச அது உகந்த காலமன்று. குளிர்காலத்தில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை இருக்கும். பகலில் ஒருவரை நிறுத்திப் பேசினால் அவருடைய அன்றைய கூலி போகும். அவர்களுக்கு ஓய்வான நாள் எது என்று கேட்டு நம் தேதியை அமைப்பதே முறை.

அடிப்பதா, மறுப்பதா?

தலித் இயக்கத்திற்குள் பறை குறித்து இரு நிலைப்பாடுகள் உள்ளன. மாணவர்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது மறுப்பு. பறையடிப்பதும் பிணம் சுடுவதும் செத்த மாட்டை அகற்றுவதும் ஊரின் கட்டாய ஊழியமாக இருந்தன. அவற்றைக் கைவிடுவதே சுயமரியாதையின் முதல் அடி என்று வட தமிழகத்தில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பரப்புரை செய்தனர். பல சேரிகளில் பறைகள் உடைக்கவும் எரிக்கவும் பட்டன. மறுத்தவர்கள் அடியும் ஊர்விலக்கமும் பெற்றனர்.

இரண்டாவது மீட்பு. இழிவு கருவியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருக்கிறது. ஆகவே கட்டாயத்தை உடைத்துக் கலையை எடுத்துக்கொள்வோம் என்பது அந்நிலைப்பாடு. தம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து மேடையேற்றிய பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் இவ்வழியின் முன்னோடி. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கைகளில் பறையைக் கொடுத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பறையையும் கானாவையும் ராப்போடு இணைத்தது. மதுரை மாவட்டப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வானொலி நிகழ்ச்சி எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? கலைஞரின் பக்கம் என்பதே நம் விடை. தம் பிள்ளை பறையைத் தொடக்கூடாது என்று ஒரு தந்தை சொன்னால், ‘அழிந்துவரும் கலை’ என்று அதைக் கண்ணீரோடு தொகுத்து வழங்குவது அவருக்கு இழைக்கும் அநீதி. அவரைப் பொறுத்தவரை அங்கே ஓர் அடிமைத்தனம் அழிகிறது. மறுபுறம், இளம்பெண் ஒருவர் பெருமையோடு பறை கற்கிறார் என்றால், பழைய இழிவை நினைவூட்டி அவரைத் தடுக்கவும் நமக்கு உரிமை இல்லை. ஒரே வீட்டில் இரு விடைகளும் இருக்கக்கூடும். இரண்டையும் ஒலிக்கவிடும் நிகழ்ச்சியே உண்மையான நிகழ்ச்சி.

ஊர்க் கட்டாயத்தின் பேரில் கூலியின்றி மேளம் அடிக்கவைப்பதை மரபு என்று ஊரார் அழைக்கலாம். சட்டம் அவ்வாறு அழைப்பதில்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டி வேலை செய்யவைப்பது, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவது ஆகியவற்றை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்தோடு சேர்த்து, குற்றங்களாக வரையறுக்கிறது. பதிவின்போது இத்தகைய செய்தி வெளிப்பட்டால், அதை ஒலிபரப்புவதா என்பதைச் சொன்னவரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். நாம் ஒலிபரப்பிவிட்டு மலையிறங்கிவிடுவோம். அவர் அதே ஊரில் மறுநாளும் தண்ணீர் எடுக்க வேண்டும். முதலில் அவரைச் சட்ட உதவியோடும் இயக்கத் தோழர்களோடும் இணைப்பது நம் கடமை. நிகழ்ச்சி அதற்குப் பின்னரே.

ஒப்புதலும் ஊதியமும்

‘நாட்டுப்புறப் பாடல் பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்’ என்ற பேச்சு மாணவர்களிடையே பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. பழம்பாடலுக்கு ஆசிரியர் என ஒருவர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை இன்று பாடியவர் இருக்கிறார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்கிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அனைவரும் அச்சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர்கள். அவர்களின் இசைவின்றிப் பதிவு செய்யவோ ஒலிபரப்பவோ விற்கவோ கூடாது. அவ்வுரிமை நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012 திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது: தாமே நிகழ்த்தியவர் என்று தம் பெயரைச் சொல்லுமாறு கோரும் உரிமையும், தம் புகழுக்குக் கேடாக நிகழ்ச்சியைத் திரிப்பதைத் தடுக்கும் உரிமையும் கலைஞருக்கு உண்டு. பெயர் சொல்வது நம் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று. அது சட்டக் கடமை.

ஒப்புதலைத் தாளில் கைரேகை வாங்கும் சடங்காக மாற்றிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் படிவத்தை நீட்டுவது அச்சத்தையே உண்டாக்கும். மாறாக, ஒலியிலேயே ஒப்புதல் பெறலாம். யார் பதிவு செய்கிறோம், எங்கே ஒலிபரப்பாகும், இணையத்தில் ஏறுமா, ஏறினால் உலகில் யாரும் கேட்கலாம் என்பதைச் சொல்லி, அவர் விடையைப் பதிவின் தொடக்கத்திலேயே சேமிக்க வேண்டும். சில பாடல்கள் சாவுக்கு மட்டும் உரியவை; சில குறிப்பிட்ட தெய்வத்தின் முன் மட்டும் பாடப்படுபவை. ‘இது வெளியே போகக்கூடாது’ என்று அவர் சொன்னால் அங்கேயே கருவியை நிறுத்த வேண்டும்.

அடுத்தது ஊதியம். கல்லூரியின் விருந்தினர் உரைக்கு மதிப்பூதியம் உண்டு. மேளக்காரருக்கு மட்டும் பொன்னாடை போதும் என்ற வழக்கம் சாதியின் கணக்கேட்டிலிருந்து வந்தது. ஒருநாள் கூலியும், போக்குவரத்தும், உணவும் நிகழ்ச்சியின் செலவுத் திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும். பணத்தை இடைத்தரகர் வழியாகவோ ஊர்த் தலைவர் வழியாகவோ கொடுக்காமல் கலைஞரின் கையில் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்று கேட்டு, இல்லையெனில் விண்ணப்பிக்க உதவுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் வழங்கும் கலை இளமணி, கலை முதுமணி போன்ற விருதுகளுக்கும் யாரேனும் விண்ணப்பம் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த கைகள் நம்மிடம் உள்ளன.

ஒலியைப் பிடித்தல்

விலையுயர்ந்த கருவி இன்றியமையாதது அன்று. நல்ல கைப்பேசியும் சட்டையில் பொருத்தும் சிறு ஒலிவாங்கியும் பேச்சுக்குப் போதும். இசைக்கு மட்டும் தனிப் பதிவுக்கருவி இருந்தால் நலம். சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே பதிவு செய்ய வேண்டும், எம்.பி.3 ஆகப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

பறை வன்மையான ஓசை உடையது. அருகில் வைத்தால் ஒலி உடைந்து இரைச்சலாகிவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் கருவியை வைத்து, உச்ச அளவு பூச்சியத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு அளவை அமைக்க வேண்டும். உள்ளீட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அடிகளுக்கு இடையிலான அமைதி ஊதிப் பெருகி, தாளத்தின் உயிர் போய்விடும். மலையில் காற்றும் சாரலும் அதிகம். பஞ்சுறை இல்லாத ஒலிவாங்கி காற்றைத் தவிர வேறெதையும் பிடிக்காது.

வாசிப்பை மட்டும் பதிவு செய்வது போதாது. தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவது, பதம் வந்ததா என்று விரலால் தட்டிப் பார்ப்பது, மெல்லிய நீண்ட சுண்டுக்குச்சியும் பருத்த குட்டையான அடிக்குச்சியும் தனித்தனியே எழுப்பும் ஓசை ஆகியவை வானொலிக்கென்றே அமைந்தவை. ‘இந்த அடிக்கு என்ன பெயர்? எப்போது அடிப்பது?’ என்று கேட்டு, அவர் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தாளத்துக்கு இலக்கணம் இருக்கிறது, அதைக் கற்க ஆண்டுகள் ஆகின்றன என்பதை நேயர் அங்கேதான் உணர்வார். புறப்படும் முன், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஓசையையும் பதிவு செய்ய வேண்டும். தொகுப்பின்போது வெட்டுகளை மறைக்க அது உதவும்.

மொழியில் ஒளிந்திருக்கும் சாதி

தமிழில் ஒருவரைக் குறிப்பிடும்போதே அவருக்கு எவ்வளவு மரியாதை தருகிறோம் என்று வினைமுற்று காட்டிவிடும். வித்துவான் ‘வாசிக்கிறார்’, மேளக்காரன் ‘அடிக்கிறான்’. முதியவரை ஊரில் சிறுவர்கள்கூட ஒருமையில் அழைக்கும்போது, நம் குழுவும் தெரியாமல் அதே வழக்கில் விழுவதுண்டு. எழுத்துரையில் ‘அவர்’ என்பதும், நேரில் ‘ஐயா’, ‘அம்மா’, ‘நீங்கள்’ என்பதும் விலக்கில்லாத விதியாக இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘வறுமையிலும் தன் குலத்தொழிலைக் கைவிடாத எளிய மனிதர் இவர்’ என்ற தொடக்க வரியை எத்தனையோ நிகழ்ச்சிகளில் கேட்டிருக்கிறோம். இதில் நான்கு குற்றங்கள். பெயர் இல்லை. வறுமை அவருடைய குணமாக்கப்படுகிறது. கலை, குலத்தொழிலாகச் சுருங்குகிறது. ‘எளிய’ என்ற சொல் அவரைத் தட்டிக்கொடுக்கிறது. இதற்கு மாறாக அவர் பெயரைச் சொல்லி, எத்தனை ஆண்டுகளாக வாசிக்கிறார், எத்தனை தாள வகைகள் அறிவார், எத்தனை பேருக்குக் கற்பித்தார் என்று தொடங்கிப் பாருங்கள். வறுமையைச் சொல்லக் கூடாது என்பதில்லை. கூலி இவ்வளவுதான் கொடுக்கிறார்கள் என்று சொல்லும்போது கொடுக்காதவர் மீது கேள்வி எழுகிறது. ‘ஏழைக் கலைஞர்’ என்று சொல்லும்போது எவர் மீதும் எழுவதில்லை.

சாதிப் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் முடிவே. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லை உரியவரே தலைநிமிர்ந்து சொல்வது ஒரு அரசியல். அதே சொல்லைத் தொகுப்பாளர் தம் வசதிக்காக ஒட்டுவது வேறு. பழங்குடிக் கலைஞரை ‘வெள்ளந்தி மக்கள்’ என்று வருணிப்பதும் இதே வகைப் பிழை.

பதினைந்து நிமிடத்தின் அமைப்பு

வானொலிக்குக் காட்சி இல்லை; நேயர் வேறு வேலை செய்துகொண்டே கேட்பார். ஆகவே வரிசை தெளிவாக இருக்க வேண்டும். நாம் பரிந்துரைக்கும் அமைப்பு இது. முதல் ஒரு நிமிடம் விளக்கமின்றி இசை. அடுத்த ஒரு நிமிடத்தில் பெயரும் ஊரும் இசையின் பெயரும். பிறகு நான்கு நிமிடம் கலைஞரின் குரலில், கற்ற கதை. தொடர்ந்து மூன்று நிமிடம் கருவியின் செயல்முறை விளக்கம். பின் மூன்று நிமிடம் ஊரும் ஊதியமும் மதிப்பும் குறித்த பேச்சு. இங்கேதான் மாற்றுக் குரலாக மகனோ மகளோ சக கலைஞரோ வரலாம். கடைசி மூன்று நிமிடம் ஒரு முழு உருப்படி, இடையில் வெட்டாமல்.

தொகுப்பாளரின் பேச்சு மொத்தத்தில் மூன்று நிமிடத்தைத் தாண்டினால் எழுத்துரையைக் குறைக்க வேண்டும். கலைஞரின் வட்டார வழக்கைத் திருத்தவோ, அவர் பேச்சின் மேல் நம் குரலால் ‘விளக்கம்’ கூறவோ தேவையில்லை. கேள்விகள் குறுகியவையாக, திறந்தவையாக அமைய வேண்டும். ‘இந்தக் கலையில் உங்களுக்குப் பெருமைதானே?’ என்பது விடையை வாயில் திணிக்கும் கேள்வி. ‘வாசிக்கக் கூப்பிட்டால் எப்போது போவீர்கள், எப்போது போக மாட்டீர்கள்?’ என்பது வாழ்க்கையைத் திறக்கும் கேள்வி.

ஒலிபரப்புக்குப் பின்

சமூக வானொலி நிலையத்தின் ஆற்றல் பொதுவாக 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்குள். பண்பலை நேர்கோட்டில் செல்வது. மலைமடிப்பு குறுக்கிட்டால் நின்றுவிடும். சமவெளியில் இருக்கும் கல்லூரியின் ஒலிபரப்பு, மலையின் மடிப்புக்குள் இருக்கும் வாழவந்திக்குக் கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தம் குரலைத் தாமே கேட்க இயலாத கலைஞரைப் பற்றிய நிகழ்ச்சி யாருக்காக? சங்கம் வானொலிப் பெண்கள் உரிமம் வருமுன் ஒலிநாடாவோடு நடந்ததைப் போல, நாமும் முடிந்த நிகழ்ச்சியை ஊருக்குக் கொண்டுசென்று ஒலிக்கச் செய்ய வேண்டும். ஒலிபரப்புக்கு முன்பே அதைச் செய்தால் பிழைகளை அவர்களே திருத்துவார்கள். கோப்பின் படியொன்றை நினைவகக் குச்சியிலோ கைப்பேசியிலோ கலைஞரிடம் கொடுத்துவர வேண்டும்.

விதிப்படி நிலையம் தன் ஒலிபரப்பை 3 மாதம் பாதுகாத்தால் போதும். அதன்பின் அழிந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். கோப்பு யாரோ ஒருவரின் பழைய மடிக்கணினியில் கிடக்கும். ஆகவே வெட்டப்படாத முழுப் பதிவையும், கலைஞரின் பெயர், ஊர், தேதி, கருவி, தாளங்களின் பெயர்கள், ஒப்புதலின் எல்லை ஆகியவை அடங்கிய ஒரு பக்கக் குறிப்பையும் கல்லூரி நூலகத்தில் சேர்க்க வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய தமிழிசையைப் பற்றி இன்று எழுதுவோருக்கு இசைத்தட்டுகளும் கச்சேரி அறிவிப்புகளும் சான்றாகக் கிடைக்கின்றன. சேரியின் தாளங்களுக்கு அத்தகைய சான்று மிகக் குறைவு. இல்லாமையைக் காட்டியே ‘இவர்களுக்கு வரலாறு இல்லை’ என்று நாளை ஒருவர் எழுதுவார்.

தோழர்களே, உங்கள் கல்லூரியில் வானொலி இல்லையென்றாலும் இந்த வேலை நின்றுபோக வேண்டியதில்லை. இணைய ஒலியோடைக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பருவத்திற்கு நான்கு கலைஞர்கள், அவர்களுக்கான ஊதியம், பொறுமையாகக் கேட்கும் இரு காதுகள். முதல் நிகழ்ச்சியின் முதல் நிமிடத்தில் இசை ஒலிக்கட்டும். அடுத்து வரும் சொல் அந்தக் கலைஞரின் பெயராக இருக்கட்டும்.